மார்க் ருவெயினும் அவர் வாழ்ந்த காலமும்

ஓர் எழுத்தாளனின் நூல்களை அவன் வாழ்ந்த காலத்தினின்றும் பிரித்து நோக்குதல், ஆற்றினை அதன் கரைகளினின்றும் பிரித்து நோக்குதல் போலாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்க எழுத்தாளருள் உலகெங்கும் பெயர் பரவியவருள் ஒருவர் மார்க் ருவெயின். அவர் பெயரைக் கேட்டதும் நம்மிற் பலருக்கு நினைவில் எழுவன ரொம் சோயர் என்னும் சிறுவனின் குறும்புகளும், வயிறு குலுங்கச் சிரிக்கவைக்கும் பயணக் கதைகளுமே. ஆயின், அந்நகைச்சுவையின் அடியிலே துயர் தோய்ந்த வினா ஒன்று கிடக்கின்றது. ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்குத் தீமையையே அறமெனக் கற்பித்துவிடின், அப்பிள்ளைகள் அறத்தை எங்ஙனம் கண்டறிவர்? இவ்வினாவுக்கு அவர் தம் வாழ்நாள் முழுவதும் விடை தேடினார். அவர் வரலாற்றையும் காலத்தையும் இந்நோக்கிலே ஆராய்வதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

பிறந்த மண்

சாமுவேல் லாங்ஹோர்ண் கிளெமென்ஸ் என்பது அவருடைய இயற்பெயர். 1835 ஆம் ஆண்டு நவம்பர் 30 ஆம் திகதி, மிசூரி மாநிலத்திலே புளோரிடா என்னும் சிற்றூரிற் பிறந்தார். 1839 இல் அவர் குடும்பம் மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள ஹனிபல் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. பின்னாளில் அவர் எழுதிய கதைகளில் வரும் ஊர்களுக்கெல்லாம் தாயாக விளங்கியது இவ்வூரே.

மிசூரி, அடிமை முறையை ஏற்றுக்கொண்ட மாநிலமாக 1821 இல் ஐக்கிய அமெரிக்காவிற் சேர்க்கப்பட்டது. ஆங்கே மனிதரை மனிதர் விலைக்கு வாங்குதலும் விற்றலும் சட்டத்துக்கு உடன்பாடான செயல்கள். தந்தையார் யோன் மார்சல் கிளெமென்ஸ் நேர்மைக்குப் பெயர்பெற்றவர். நீதி நிருவாகத்திலும் பணியாற்றியவர். அவரிடமும் அடிமைகள் இருந்தனர். 1841 இல், அடிமைகள் தப்பியோட உதவ முயன்ற மூவருக்குப் பன்னிரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்ட வழக்கிலே அவர் யூரர்களுள் ஒருவராக அமர்ந்திருந்தார். நேர்மையாளர் ஒருவர் தம் நேர்மைக்கு இழுக்கு நேர்ந்ததாகச் சிறிதும் எண்ணாது இதனைச் செய்ய முடிந்தது என்பதே அக்காலத்தின் இயல்பை நமக்கு உணர்த்துகின்றது.

பள்ளிப் பருவத்திலே அடிமை முறை தவறென்ற எண்ணமே தமக்குத் தோன்றவில்லை என்று ருவெயின் முதுமையிற் கூறியிருக்கின்றார். தேவாலயத்திலே போதகர் அதனை இறைவனுக்கு உகந்தது என்றார். உள்ளூர்ப் பத்திரிகைகள் அதனைக் கண்டிக்கவில்லை. எனினும், அக்கல்விக்கு மாறான வேறொரு கல்வியும் சிறுவனுக்குக் கிடைத்தது. கோடை காலத்திலே அவர் தம் சிற்றப்பாவாகிய யோன் குவார்ள்சின் பண்ணைக்குச் செல்வதுண்டு. ஆங்கிருந்த டானியல் என்னும் நடுத்தர வயதுடைய அடிமை, சிறுவர்களுக்கு இரவிலே கதை சொல்லுவார். அன்பும் பொறுமையும் நிறைந்தவர். பின்னாளில் ஜிம் என்னும் கதைமாந்தருக்கு உயிர் கொடுத்தவர் இவரே.

இன்னொரு நிகழ்ச்சியும் குறிப்பிடத்தக்கது. கிளெமென்ஸ் வீட்டிலே சாண்டி என்னும் அடிமைச் சிறுவன் ஒருவன் வேலை செய்தான். தொலைவிலுள்ள மேரிலாந்திலே தாயினின்றும் உறவினரினின்றும் பிரிக்கப்பட்டுக் கொண்டுவரப்பட்டவன் அவன். நாள் முழுவதும் பாடிக்கொண்டும் கூவிக்கொண்டும் இருப்பான். அவ்வொலியைத் தாங்கமாட்டாது சாமுவேல் தாயிடம் முறையிட்டபோது அவர் கண் கலங்கினார். அவன் பாடும்போது தன் துயரை மறந்திருக்கின்றான் எனத் தாம் ஆறுதல் அடைவதாகவும், அவன் வாய்மூடி இருக்கும்போதே தமக்கு அச்சம் உண்டாவதாகவும் கூறினார். அதன்பின் அப்பாட்டு அச்சிறுவருக்குத் தொல்லையாகத் தோன்றவில்லை. தாயும் அடிமை முறையைத் தவறெனக் கருதியவர் அல்லர். ஆயினும் அவர் நெஞ்சம் அவருடைய கொள்கையிலும் பெரிதாக இருந்தது. இம்முரண்பாட்டையே ருவெயின் பின்னர்த் தம் தலைசிறந்த நாவலின் கருவாக்கினார்.

ஆறும் போரும்

1847 இல் தந்தையார் இறந்தார். அப்பொழுது சாமுவேலுக்கு வயது பதினொன்று. குடும்பத்தின் வறுமை அவரைப் பள்ளியினின்றும் அச்சுக்கூடத்துக்கு அனுப்பியது. எழுத்துக் கோக்கும் தொழிலைப் பழகிய அவர், தமையனார் ஒறியன் நடத்திய பத்திரிகையிலும் வேலை செய்தார். 1853 இல் ஊரைவிட்டுப் புறப்பட்டு, சென் லூயிஸ், நியூயோர்க், பிலடெல்பியா முதலிய நகரங்களிலே அச்சுத் தொழிலாளியாக அலைந்தார். முறையாகக் கல்லூரியிற் கல்லாத அவருக்கு அச்சுக்கூடமே கல்லூரியாயிற்று.

1857 இல் மிசிசிப்பியில் ஓடும் நீராவிக் கப்பல்களின் மீகாமன் தொழிலைக் கற்கத் தொடங்கினார். ஹொறஸ் பிக்ஸ்பி என்பவரே அவருடைய ஆசான். ஆற்றின் வளைவுகளையும் மணற்றிட்டுகளையும் இரவிலும் பகலிலும் மனத்தில் வைத்திருத்தல் வேண்டும். வெள்ளந்தோறும் ஆறு தன் வடிவை மாற்றுமாதலால், கற்றதை விடுத்து மீண்டும் புதிதாகக் கற்றலும் வேண்டும். 1859 இல் அவருக்கு மீகாமனுக்குரிய அனுமதிப் பத்திரம் கிடைத்தது. இத்தொழிலே அவருக்குப் புனைபெயரையும் தந்தது. ஈயக்குண்டு கட்டிய கயிற்றால் ஆழம் அளப்போர் இரண்டு பாகம், அதாவது 12 அடி, ஆழமுண்டு என்பதை 'மார்க் ருவெயின்' எனக் கூவி அறிவிப்பர். கப்பல் இடரின்றிச் செல்லப் போதிய நீர் உண்டு என்பது அதன் கருத்து.

1861 இல் உள்நாட்டுப் போர் மூண்டது. ஆற்றுப் போக்குவரத்துத் தடைப்பட்டது. அடிமை முறையைக் காக்க எழுந்த தென்பகுதியின் சார்பிலே திரண்ட ஒரு சிறு தொண்டர் படையிற் சாமுவேல் சேர்ந்தார். ஏறக்குறைய இரண்டு வாரங்களில் அதனை விட்டு விலகினார். நெவாடாப் பிரதேசத்தின் செயலாளராக நியமனம் பெற்ற ஒறியனுடன் மேற்றிசை சென்று, வெள்ளிச் சுரங்கத்திலே செல்வம் தேடித் தோல்வியுற்றார். பின்னர் வேர்ஜீனியா சிற்றி என்னும் ஊரிற் பத்திரிகையாளரானார். 1863 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே மார்க் ருவெயின் என்னும் பெயரை முதன்முதலிற் பூண்டார். 1865 இல் வெளியான தவளைக் கதை ஒன்று அவர் பெயரை நாடறியச் செய்தது. 1867 இல் ஐரோப்பாவுக்கும் பலஸ்தீனத்துக்கும் சென்ற கப்பற் பயணத்தின் பயனாக 1869 இல் 'வெளிநாட்டிலே வெகுளிகள்' என்னும் நூல் வெளிவந்தது.

மனைவியின் இல்லமும் மூதாட்டியின் கதையும்

1870 இல் ஒலிவியா லாங்டன் என்னும் நங்கையை மணந்தார். நியூயோர்க் மாநிலத்து எல்மைரா நகரிலே வாழ்ந்த அவள் தந்தை, நிலக்கரி வணிகத்தாற் செல்வம் ஈட்டியவர். தப்பியோடிவந்த அடிமைகளுக்குத் துணைசெய்தவர். அடிமைத்தளையை அறுத்து வெளியேறிப் பெரும் பேச்சாளராக விளங்கிய பிரெடெரிக் டக்ளசுடன் நட்புப் பூண்டிருந்தவர். அடிமைகளை வைத்திருந்த வீட்டிலே வளர்ந்த ருவெயின், அடிமைகளின் விடுதலைக்கு உழைத்த குடும்பத்திலே மருமகனானார். குடும்பம் பின்பு ஹாட்போட் நகரிலே குடியேறியபோது, 'ரொம் மாமாவின் குடிசை' எழுதிய ஹரியற் பீச்சர் ஸ்ரோ அம்மையார் அவர்களுக்கு அயல் வீட்டவராக வாய்த்தார்.

எல்மைராவுக்கு அண்மையிலுள்ள குவாறிப் பண்ணையிலே குடும்பத்தினர் கோடையைக் கழிப்பது வழக்கம். ஆங்குச் சமையல் செய்த மேரி ஆன் கோட் என்னும் கறுப்பின மூதாட்டி எப்பொழுதும் சிரித்த முகத்தினர். அவருக்கு வாழ்க்கையிலே துன்பமே நேர்ந்ததில்லைப் போலும் என்ற கருத்துப்பட ருவெயின் ஒருநாள் வினவினார். அதற்கு விடையாக அம்மூதாட்டி தம் கதையைக் கூறினார். கணவரும் ஏழு பிள்ளைகளும் ஏலத்திலே தம் கண்முன் விற்கப்பட்டதையும், கடைசி மகன் தப்பியோடி, பதின்மூன்று ஆண்டுகளின் பின் போர்க்காலத்திலே தம்மைக் கண்டடைந்ததையும் அவர் எடுத்துரைத்தார். ருவெயின் அக்கதையைப் பெரும்பாலும் அவர் பேசிய மொழியிலேயே எழுதி, 1874 இல் 'அற்லாந்திக்' என்னும் மதிப்புமிக்க சஞ்சிகையில் வெளியிட்டார். அச்சஞ்சிகையில் அவர் எழுதிய முதற் படைப்பு அதுவே. அதிலே தம்மை அறியாமையுடைய கேள்வியாளனாகவே நிறுத்திக்கொண்டார். கல்லாதோர் எனக் கருதப்பட்டோரின் பேச்சிலே இலக்கியம் உண்டென்பதையும் அவர் இங்கேயே உறுதியாக உணர்ந்தனர் எனலாம்.

ஹக்கிள்பெறி பின்

போர் முடிந்த 1865 ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. ஆனால், 1877 இல் மத்திய அரசின் படைகள் தென்மாநிலங்களில் அளித்துவந்த பாதுகாப்பு நீங்கிற்று. கறுப்பின மக்களின் சமவுரிமைக்காக 1875 இல் இயற்றப்பட்ட சட்டத்தின் முதன்மைப் பிரிவுகளை உயர் நீதிமன்றம் 1883 இற் செல்லாதனவாக்கியது. சட்டத்தால் விடுதலை பெற்றோர் வழக்கத்தால் மீண்டும் கட்டுண்ட காலம் அது. மறுபுறம் இருப்புப் பாதைகளும் ஆலைகளும் பெருகிச் செல்வம் கொழித்தது. ருவெயினும் சாள்ஸ் டட்லி வோணரும் சேர்ந்து 1873 இல் எழுதிய நாவலின் பெயராலேயே அக்காலம் 'பொன்முலாம் பூசிய காலம்' என வழங்கலாயிற்று. மேலே பொன்னொளி, உள்ளே மலிந்த உலோகம் என்பது அதன் கருத்து.

இச்சூழலிலேதான் அவருடைய தலைசிறந்த நூல் உருவாகியது. 'ரொம் சோயர்' 1876 இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே தொடங்கப்பெற்ற 'ஹக்கிள்பெறி பின்' பலமுறை இடைநின்றது. 1882 இல் அவர் மீண்டும் மிசிசிப்பியைக் கண்டுவந்தபின் நிறைவெய்தி, 1884 டிசம்பரில் இங்கிலாந்திலும் 1885 பெப்ரவரியில் அமெரிக்காவிலும் வெளியாயிற்று.

கதை எளிது. குடிகாரத் தந்தையினின்றும் தப்பிய ஹக் என்னும் சிறுவனும், தன்னை விற்கப்போவதை அறிந்து தப்பிய ஜிம் என்னும் அடிமையும் ஒரு தெப்பத்திலே ஆற்றோடு செல்கின்றனர். ஜிம்முக்கு உதவுதல் பிறர் பொருளைத் திருடுதலாகும், திருட்டு பாவம், பாவத்துக்கு நரகம். இவ்வாறே ஹக் கற்றிருக்கின்றான். ஜிம் இருக்குமிடத்தை அவனுக்கு உரியவளிடம் அறிவிக்கக் கடிதம் எழுதியதும் அவன் மனம் தூய்மையடைந்ததாக உணர்கின்றது. ஆனால் ஜிம் தன்மீது காட்டிய அன்பு ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகின்றது. தன் காவல் முறையையும் அவன் ஏற்றுத் தன்னை உறங்கவிட்டதை எண்ணுகின்றான். ஈற்றில் நரகத்துக்குச் செல்லவும் துணிந்து கடிதத்தைக் கிழித்தெறிகின்றான்.

இவ்விடத்திலே நாம் நுணுகி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. தான் நன்மை செய்ததாக ஹக் கருதவில்லை. தீயவனாகிவிட்டதாகவே இறுதிவரை நம்புகின்றான். அடிமை முறை தவறு என ஒரு சொற்பொழிவும் அந்நூலில் இல்லை. சிறுவன் தன்னைத் தானே குற்றவாளியாகத் தீர்ப்பிடும்போது, அவனுக்கு அத்தீர்ப்பைக் கற்பித்த சமூகமே படிப்போர் முன் குற்றவாளியாக நிற்கின்றது. நலமான நெஞ்சமும் உருக்குலைந்த மனச்சாட்சியும் மோத, மனச்சாட்சி தோல்வியுறும் நூல் இது என்ற கருத்துப்பட ஆசிரியரே 1895 இல் தம் குறிப்பேட்டில் எழுதினார். மனச்சாட்சியே இறுதி நீதிபதி என எண்ணும் நமக்கு இக்கருத்து வியப்பைத் தரும். அம்மனச்சாட்சியும் பயிற்சியினால் உருவாவதே என்பது ருவெயின் கண்ட உண்மை.

மசாசூசெற்ஸ் மாநிலத்துக் கொன்கோட் நகர நூலகம் 1885 இலே இந்நூலை நாகரிகமற்றது எனக் கூறி விலக்கிற்று. இவ்விளம்பரத்தால் இன்னும் 25,000 பிரதிகள் விற்பனையாகும் என ருவெயின் நகையாடினார்.

அதே ஆண்டிலே அவர் செய்த செயலொன்று நெடுங்காலம் வெளியுலகுக்குத் தெரியாதிருந்தது. யேல் பல்கலைக்கழகத்திலே சட்டம் பயின்ற வோணர் மக்கின் என்னும் கறுப்பின மாணவர், படிப்புச் செலவுக்காகப் பல சிறு வேலைகள் செய்து இடர்ப்படுவதை அறிந்த ருவெயின், அவர் செலவைத் தாம் ஏற்றார். கறுப்பின மக்களைத் தாழ்த்திய வெட்கம் வெள்ளையருக்கே உரியது. ஆதலின் அதற்குரிய விலையையும் அவர்களே செலுத்தவேண்டும் என்னும் கருத்தினை அத்தொடர்பில் எழுதிய கடிதத்திலே தெரிவித்தார். அக்கடிதம் 1985 இலேயே வெளிச்சத்துக்கு வந்தது. மக்கின் 1887 இற் பட்டம் பெற்று, பால்ற்றிமோர் நகரிலே புகழ்மிக்க வழக்கறிஞரானார். 1967 இல் அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் முதலாவது கறுப்பின நீதியரசரான தேர்குட் மார்சல், இளம் வழக்கறிஞராயிருந்தபோது மக்கினிடம் ஊக்கம் பெற்றவர் என்பது ஈண்டு நினையத்தக்கது.

கடனும் உலகப் பயணமும்

பிறர் பேராசையை எள்ளிய ருவெயின் தாமும் அதற்கு ஆளானவரே. தாம் நிறுவிய பதிப்பகத்தின் வாயிலாக முன்னாட் சனாதிபதி கிராண்டின் நினைவுக் குறிப்புகளை வெளியிட்டு, அவர் மனைவியாருக்கு 1886 இல் 200,000 டொலருக்கு ஒரே காசோலை அளித்தார். ஆனால், எழுத்துக் கோக்கும் இயந்திரம் ஒன்றினை உருவாக்கும் முயற்சியிலே தம் செல்வத்தையும் மனைவியின் செல்வத்தையும் கொட்டினார். ஏறக்குறைய 18,000 உறுப்புகளைக் கொண்ட அவ்வியந்திரம் அடிக்கடி பழுதுற்றது; வேறொருவரின் இயந்திரம் சந்தையைக் கைப்பற்றிற்று. 1893 இன் பொருளாதார நெருக்கடியும் சேர, 1894 ஏப்ரலில் அவருடைய பதிப்பகம் வங்குரோத்து அடைந்தது.

சட்டப்படி கடனின் ஒரு பகுதியைச் செலுத்தி விடுபட்டிருக்கலாம். அவரும் அவர் மனைவியாரும் முழுத் தொகையையும் செலுத்தவே விரும்பினர். 1895 ஜூலையில், அறுபது வயதை எட்டும் நிலையிலே, உலகைச் சுற்றிச் சொற்பொழிவாற்றப் புறப்பட்டார். அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளைக் கடந்து 1896 ஜனவரியிற் கொழும்பை அடைந்தார்.

இலங்கையின் வெயிலும் மக்கள் உடுத்த ஆடைகளின் நிறங்களும் அவர் உள்ளத்தைக் கொள்ளைகொண்டன. அவ்வேளையில், மிசன் பாடசாலை ஒன்றிலிருந்து பதினாறு சிறுமியர் ஐரோப்பிய உடையிலே இருவர் இருவராக வரக்கண்டார். அவ்வுடையின் அழகின்மை அவரை வருத்திற்று. அத்துடன் தம் உடையையும் நோக்கி வெட்கமுற்றதாக, 1897 இல் வெளியான 'நிலநடுக்கோட்டைப் பின்பற்றி' என்னும் நூலில் எழுதினார். தம் நாகரிகமே உயர்ந்ததென்ற எண்ணத்தோடு நம் நாடுகளுக்கு வந்து சென்ற பயணியர் பலரிடம் இவ்வெட்கத்தை நாம் காண்பதில்லை.

பம்பாயிலே வேறொரு காட்சி அவருக்காகக் காத்திருந்தது. விடுதியிலே ஐரோப்பியர் ஒருவர், ஏதோ சிறு பிழைக்காக இந்தியப் பணியாளன் ஒருவனின் கன்னத்தில் அறைந்தார். அறையுண்டவன் எதிர்ப்புக் காட்டாது பணிந்து நின்றான். ஐம்பது ஆண்டுகளாகத் தாம் காணாதிருந்த அக்காட்சி அவரை ஒரே கணத்தில் ஹனிபலுக்குக் கொண்டுசென்றது. தம் மென்மையான தந்தையே வீட்டு அடிமைச் சிறுவனை அவ்வப்போது அறைந்தது நினைவுக்கு வந்தது. தமக்குப் பத்து வயதாயிருக்கையில், கைப்பிசகு ஒன்றுக்காக ஓர் அடிமையின்மேல் ஒருவன் இரும்புத் தாதுக்கட்டியை எறிய, அடிமை ஒரு மணி நேரத்தில் இறந்ததும் நினைவுக்கு வந்தது. கொல்ல உரிமை உண்டென்றே தாம் அறிந்திருந்தும், ஏனோ அது தவறெனத் தோன்றிற்று என்றும், ஏன் என விளக்கத் தம்மால் இயலவில்லை என்றும் அவர் எழுதினார். ஹக்கின் உள்ளத்திலே நிகழ்ந்த போராட்டம் பத்து வயதுச் சாமுவேலின் உள்ளத்திலே முன்னரே தொடங்கிவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அடிமை முறையும் அந்நிய ஆதிக்கமும் ஒரே மரத்தின் இரு கிளைகள் என்பதை அவர் இப்பயணத்தில் உணரத் தொடங்கினார்.

பயணம் முடிந்து இங்கிலாந்திலே தங்கியிருந்தபோது, அமெரிக்காவில் இருந்த மூத்த மகள் சூசி 1896 ஆகஸ்டில் மூளைக் காய்ச்சலால் இறந்த செய்தி வந்தது. வயது இருபத்துநான்கு. அத்துயரினிடையேயும் எழுதினார்; 1898 இன் தொடக்கத்திலே கடன் முழுவதும் தீர்ந்தது.

இறுதி ஆண்டுகளும் மதிப்பீடும்

1898 இல் அமெரிக்கா ஸ்பெயினோடு போரிட்டது. கியூபாவின் விடுதலைக்கென எண்ணி முதலில் அப்போரை ருவெயின் ஆதரித்தார். 20 மில்லியன் டொலர் கொடுத்துப் பிலிப்பைன்சைத் தன்வயப்படுத்திய அமெரிக்கா, அம்மக்களின் விடுதலைப் படையையே அடக்க முற்பட்டபோது தம் கருத்தை மாற்றிக்கொண்டார். 1900 இல் நாடு திரும்பிய அவர் அதனை வெளிப்படையாகவே அறிவித்தார். 1901 பெப்ரவரியில் எழுதிய கட்டுரையிலே, இருளில் இருப்போருக்கு ஒளி கொடுப்பதாகக் கூறி அவர்தம் நாட்டைப் பறிக்கும் வல்லரசுகளைக் கடுமையாகச் சாடினார். ஏகாதிபத்திய எதிர்ப்புச் சங்கத்தின் துணைத் தலைவர்களுள் ஒருவராக இறக்கும்வரை விளங்கினார். கொங்கோ மக்களுக்குப் பெல்ஜிய மன்னன் இழைத்த கொடுமையைக் கண்டித்து 1905 இல் ஒரு நூல் வெளியிட்டார்.

அவர் குறைகளையும் மறைத்தல் தகாது. அமெரிக்க ஆதிக்குடிகளைப் பற்றி 1872 இலும் 1876 இலும் வெளியான நூல்களிலே அவர் எழுதியவை இகழ்ச்சி நிறைந்தவை. கறுப்பின மக்களைக் கும்பலாகச் சேர்ந்து கொலைசெய்யும் வழக்கத்தைக் கண்டித்து 1901 இல் எழுதிய கட்டுரையை, தென்பகுதி நண்பர்களை இழக்க நேரும் என அஞ்சி வெளியிடாது விடுத்தார். அது அவர் இறந்தபின் 1923 இலேயே வெளிவந்தது. ஹக்கின் கதையிலே இழிசொல் மிகுதியாக வருவதாலும், இறுதி அத்தியாயங்களில் ஜிம் விளையாட்டுப் பொருளாக்கப்படுவதாலும் அந்நூலைப் பாடசாலைகளிற் கற்பிக்கலாமா என்னும் விவாதம் தொடர்கின்றது. அக்கதையை ஜிம்மின் வாய்மொழியாகவே திருப்பிச் சொல்லும் பேர்சிவல் எவரெற்றின் 'ஜேம்ஸ்' என்னும் நாவல் 2024 இல் வெளியாகி, 2025 இற் புலிற்சர் பரிசு பெற்றது. ஆற்றைப் போலவே நூலும் தலைமுறைதோறும் புதிதாக அளக்கப்படுகின்றது.

1904 இல் மனைவியையும், 1909 இல் கிறிஸ்மஸ் தினத்துக்கு முதல் நாள் இளைய மகள் ஜீனையும் இழந்த ருவெயின், 1910 ஏப்ரல் 21 ஆம் திகதி காலமானார். அவர் பிறந்த காலத்திலே தோன்றிய ஹலியின் வால்வெள்ளி, அவர் முன்னரே கூறியவாறு, இறக்கும் காலத்திலும் வானில் வந்திருந்தது.

கல்லூரியிற் கற்காத அவருக்கு 1907 இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் அளித்தது. எனினும் அவர் பெற்ற மேலான கல்வி வேறு. தந்தையும் தேவாலயமும் ஊரும் ஒருங்கே கற்பித்த பொய்யை, ஓர் அடிமையின் கதையாலும், ஒரு தாயின் கண்ணீராலும், ஒரு சமையற்காரியின் சொல்லாலும், தொலைவிலுள்ள நகரொன்றிற் கண்ட அறையாலும் படிப்படியாகக் களைந்தார். அறுபது வயதின் பின்னும் அவர் அக்கல்வியை நிறுத்தவில்லை. பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பிக்கும் வழக்கம் மிசூரிக்கு மட்டும் உரியதன்று. நம் ஊர்க் கிணற்றடியிலும் கோயில் வாசலிலும் அது வாழ்ந்திருக்கின்றது. கற்றவற்றுள் எவற்றைக் காக்க வேண்டும், எவற்றைக் களைய வேண்டும் என ஆராயும் துணிவை மாணவர்க்கு ஊட்டுவதே கல்வியின் பயனாயின், மார்க் ருவெயின் வரலாறு கல்விக்கூடங்களில் விரும்பிப் படிக்கத்தக்கதாகும்.